குளிர்ல எரியற பெட்டி

எங்க வீட்டுக்காரருக்குக் கரிநாக்குன்னு இந்தத் தெரு முழுக்கப் பேரு. அவரு வாயைத் திறந்து ஒண்ணு கெட்டுப்போகும்னு சொன்னா அது கெட்டுத்தான் போகுமாம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா இருக்காளே, அவரு தெருமுனையில திரும்பறதைப் பாத்தாலே மெஷினை நிறுத்தி பிளக்கைப் பிடுங்கிடுவா. அவரோட தம்பி வண்டியில இன்வெர்ட்டர் எரிஞ்சதுக்கும் அந்த நாக்குதான் காரணம்னு இன்னிக்கு வரைக்கும் வாய் கூசாம பேசிக்கிட்டுத் திரியறா. அந்தப் பெட்டி எப்படி எரிஞ்சதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதைச் சொல்லத்தான் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்த மனுஷன் எப்பேர்ப்பட்டவருன்னு சொல்லியாகணும். இல்லேன்னா நீங்களும் அவ பக்கம் சேந்துக்குவீங்க.

ஊருல அவருக்கு மீட்டர்னு பேரு. வயரிங் வேலை. சட்டைப் பையில எப்பவும் ஒரு மஞ்சக் கலர் மீட்டர் இருக்கும், அதுலேர்ந்து சிவப்பு வயரும் கருப்பு வயரும் வெளிய தொங்கிக்கிட்டிருக்கும். யாரு வீட்டுக்குப் போனாலும் அவங்க வாங்கன்னு சொல்றதுக்குள்ள இவரு ஒரு பிளக் பாயிண்ட்டுல மீட்டரைக் குத்தியிருப்பாரு. குத்திட்டு ஒரு “ம்ஹும்” போடுவாரு பாருங்க, அந்த வீட்டுல அப்புறம் யாருக்கும் தூக்கம் வராது. எங்க கல்யாண வரவேற்புலயே மைக்செட்டுக்கு எர்த்து சரியில்லைன்னு மேடையை விட்டு இறங்கிப் போனவரு. ஆல்பத்தைப் புரட்டினா பாதிப் படத்துல நான் மட்டும் பூச்செண்டைப் பிடிச்சுக்கிட்டு தனியா இளிச்சிக்கிட்டு நிக்கறேன். “மாப்பிள்ளை, நீங்க போய் உக்காருங்க, இது எங்க தொழில்”னு மைக்செட்டுக்காரன் சொல்லியிருக்கான். “சாப்பாட்டுக்கு முன்னாடி உன் பெட்டி புகையும்”னு இவரு சொல்லியிருக்காரு. புகைஞ்சுது. கரிநாக்குங்கற பேரு அன்னிக்கு வெச்சதுதான்.

சரியாத்தான் சொல்லுவாரு, அதுதான் கொடுமை. தப்பாச் சொல்ற புருஷனோட குடும்பம் நடத்திடலாம். அப்பப்ப மட்டம் தட்டலாம், நாலு பேருகிட்ட சொல்லிச் சிரிச்சுக்கலாம். எப்பவும் சரியாவே இருக்கற மனுஷனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? குக்கர் மூடியிலேர்ந்து வாஷிங் மெஷின் வரைக்கும் எங்க வீட்டுல எல்லாம் அவரு சொன்னபடிதான் கெட்டுப்போச்சு. கடவுளே, ஒரே ஒரு தடவை இவரு சொன்னது பொய்யாப் போகட்டும்னு நான் வேண்டாத நாளே இல்ல. அதுலயும் சொல்ற விதம் இருக்கே! நம்ம மூஞ்சியைப் பாத்துச் சொல்ல மாட்டாரு. சுவத்தைப் பாத்துச் சொல்லுவாரு, அதுவும் ஒரு திட்டோட சேத்து.

அவருக்கு ஒரே தம்பி, என் கொழுந்தன். அவனைக் கட்டிக்கிட்டது என் கூடப்பிறந்த தங்கச்சி. வீடு மாடியும் கீழுமா, கடை மட்டும் ஒண்ணு. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு பல் டாக்டர் புதுசா கிளினிக் கட்டினாரு. அதோட வயரிங்கை முழுக்க முழுக்கத் தம்பியே தனியாச் செஞ்சான், அண்ணனைக் கிட்டயே சேக்கல. முடிஞ்ச அன்னிக்கு டாக்டரு, டாக்டரு சம்சாரம், பெயிண்ட்டர் எல்லாரும் நிக்கறப்போ இவரு போனாரு. சுவிட்ச் போர்டைத் திறந்தாரு, உள்ள கோத்திருந்த லட்சணத்தைப் பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. பையிலேர்ந்து கட்டிங் பிளேயரை எடுத்து நறுக் நறுக்குன்னு அத்தனை வயரையும் வெட்டிப் போட்டுட்டாரு. தம்பி மூஞ்சி செத்துப்போச்சு. மறுநாள் கடைக்கு நடுவுல வாசல்லேர்ந்து பின்னாடி காலி இடம் வரைக்கும் ஒரு தகரத் தட்டியை அடிச்சான். அந்தப் பக்கம் அவன் கடை, இந்தப் பக்கம் இவரு கடை. அன்னிக்கு நின்னுபோச்சு அண்ணன் தம்பி பேச்சு.

அதுக்கப்புறம் இவங்களுக்கு நடுவுல வயரு யாருன்னு நினைக்கறீங்க? நான்தான். “அந்த மடப்பய ஏணியை எடுத்துட்டுப் போயிட்டான், கொண்டாந்து வெக்கச் சொல்லு”ன்னு இவரு சொல்லுவாரு. நான் தட்டியைச் சுத்திக்கிட்டுப் போய், “தம்பி, அண்ணன் ஏணி கேக்கறாரு”ன்னு சொல்லுவேன். “ஏறி விழுந்து கையைக் காலை உடைச்சுக்கவா? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க அண்ணி”ம்பான். நான் சுத்தி வந்து, “தர்றானாம்”னு சொல்லுவேன். இத்தனைக்கும் தகரம் மெல்லிசு. இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் கேக்கும். ரெண்டு பேரு காதுலயும் எல்லாம் விழுந்திருக்கும், ஆனா நான் போய்ச் சொல்ற வரைக்கும் கேக்காத மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. தேஞ்சது என் செருப்பு. திட்டையெல்லாம் வடிகட்டி வடிகட்டி என் வாய்தான் நாறிப்போச்சு.

இதுக்கு நடுவுல தங்கச்சிக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு. எங்க தெருவுல ஒரு பக்கம் லேத்துப் பட்டறை, ஒரு பக்கம் கல்லு அறுக்கற மெஷின். காத்துல தூசி பறக்காத நேரமே கிடையாது. படுத்தா அவளுக்கு மூச்சு நின்னு நின்னு வரும். டாக்டர் ஒரு மூச்சு மெஷினைக் குடுத்தாரு. மூக்குல கவசத்தை மாட்டிக்கிட்டுப் படுத்தா அது விடிய விடிய காத்தை ஊதிக்கிட்டே இருக்கும். அது நின்னா அவ மூச்சும் தடுமாறும். இங்க கரண்டு போனா நாங்க மாடியிலேர்ந்து ஓடி வந்து எங்க பேட்டரியை மாத்திக் குடுப்போம். அப்படியே ஓடிக்கிட்டிருந்தப்போ டாக்டர் ஒரு நாள் தெளிவாவே சொல்லிட்டாரு. “இந்தத் தூசியில இவங்களை வெச்சிருக்காதீங்க. மேல மலைப்பக்கம் எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க.”

கொழுந்தன் அதுல தங்கம்னு சொல்லணும். மறுபேச்சு பேசல. யாரோ ஓட்டித் தேச்சுப் போட்ட பழைய கேரவன் ஒண்ணை வாங்கினான். உள்ளயே கட்டிலு, அடுப்பு, பீரோ எல்லாம் இருக்கற வண்டி. மலை மேல ஒரு பூச்செடி நர்சரியில அதை நிறுத்திக்க இடம் பிடிச்சான், அங்க இருக்கற விடுதிகள்ல வயரிங் வேலையும் பேசி வெச்சான். நர்சரிக்கு ஒரே ஒரு குறை, கரண்டுக் கம்பம் அது வரைக்கும் வரல. அதனால என்ன, வண்டி மேல நாலு சோலார் பேனலைப் போட்டுக்கலாம்னு கிளம்பினான். வெயிலை வாங்கி பேட்டரிக்கு ஏத்தறதும், பேட்டரியிலேர்ந்து எடுத்து மெஷினுக்குக் குடுக்கறதும் ஒரே இன்வெர்ட்டர் பெட்டி. என் தங்கச்சியோட மூச்சு அந்தப் பெட்டி கையில இருந்துச்சு. இதைத்தான் நீங்க மனசுல வெச்சுக்கணும். மத்ததெல்லாம் ஆம்பளைங்க வீராப்பு.

கடைக்குப் பின்னாடி காலி இடத்துல வண்டியை நிறுத்தி அவன் வயரு இழுக்க ஆரம்பிச்சான். எங்க வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளல. தகரத்துல ஒரு ஆணி ஓட்டை இருக்கு, அதுல கண்ணை வெச்சு வெச்சுப் பாக்கறாரு. சோறு இறங்கல. “நாலையும் சீரிஸ்ல கோக்கறான், நாலையும் சீரிஸ்ல கோக்கறான்”னு சுவத்துகிட்ட புலம்பறாரு. கடைசியில ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாரு.

“அவன்கிட்ட போய்ச் சொல்லு. குளிர்ல எரியும்.”

எனக்கு நெஞ்சுல நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி ஆயிடுச்சு. “ஏங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அந்த வண்டியில போறது என் தங்கச்சி. அவளையுமா சபிப்பீங்க?”

“சாபமா? நான் எங்கடி சபிச்சேன்? எரியும்னு சொன்னேன்.”

“குளிர்ல எதுவாவது எரியுமா? சபிக்கறதுதான் சபிக்கறீங்க, அதையாவது ஒழுங்காச் சபிங்க!”

“உனக்கு விளங்காது. சொன்னதைச் சொல்லு”ன்னு சுவத்தைப் பாத்துக்கிட்டாரு.

அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துல வடிகட்டவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேராப் போய் அப்படியே கொட்டினேன். “தம்பி, உங்க அண்ணன் சொல்றாரு, இது குளிர்ல எரியுமாம்.” அவன் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். “வெயில்ல எரியும்னு சொன்னாலாவது ஒரு நியாயம் இருக்கு. எனக்கு எதுவும் நல்லபடியா நடந்துடக் கூடாது, அவ்வளவுதானே அண்ணி? பாருங்க, மத்தியான வெயில்ல கல்லு மாதிரி ஓடுது.” ஓடத்தான் செஞ்சுது. உள்ள ஒரு ஃபேனு, ஒரு லைட்டு, அவளோட மெஷின் எல்லாம் ஜம்முன்னு ஓடுது. ஆனா தங்கச்சி சிரிக்கல. கட்டில் ஓரத்துல உக்காந்து கவசத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தவ நிமிந்து என்னைப் பாத்தா. “அக்கா, மாமாவுக்கு எம்மேல என்னக்கா கோபம்? நான் என்ன செஞ்சேன்?”

அந்தக் கேள்வி என்னை அறுத்துப் போட்டுடுச்சு. திரும்பி வந்து கடை ஷட்டரைப் பாதிக்கு இழுத்து விட்டேன். “இன்னிக்கு எனக்கு விளங்கற மாதிரி சொன்னாத்தான் வீட்டுல அடுப்பு எரியும். குளிர்ல எரியும்னா என்ன அர்த்தம்?”

முதல்ல முறைச்சாரு. அப்புறம் நான் நகரலைன்னு தெரிஞ்சதும் பேச ஆரம்பிச்சாரு. சீரிஸ்னா ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் ஏறி நிக்கற மாதிரியாம். நாலு பேனலும் ஏறி நின்னா நாலு பேரோட உயரமும் கூடும். பேரலல்னா பக்கத்துல பக்கத்துல நிக்கறது, உயரம் கூடாது, தூக்கற கைதான் கூடும். அந்தப் பெட்டியோட வாசல் நூத்தம்பது வோல்ட்டு உயரம். பேனல் முதுகுல முப்பத்தேழுன்னு எழுதியிருக்கு. நாலு முப்பத்தேழு நூத்தி நாப்பத்தெட்டு. “ரெண்டு வோல்ட்டு இடம் விட்டிருக்கான் பாரு மகாராஜன். தலைமுடி கூட நுழையாது.”

“நுழையுதில்ல? அப்புறம் என்ன?”

“வெயில்ல நுழையும். சூட்டுல பேனல் குனியும், குளிர்ல நிமிரும். அந்த முப்பத்தேழுங்கறது மிதமான சூட்டுல அளந்து எழுதினது. மலை மேல விடியக்காலைல, பேனல் ஐஸ் மாதிரி கிடக்கறப்போ முதல் வெயில் விழும் பாரு, அப்ப நாலு பேரும் நிமிந்து நிப்பானுங்க. வாசல்ல மண்டை இடிக்கும். பெட்டி போயிடும்.”

விடியக்காலை. என் தங்கச்சி இன்னும் கவசத்தோட தூங்கிக்கிட்டிருக்கற நேரம். ஆனாலும் நான் விடல. இவரு சொன்னார்ங்கறதுக்காக நம்பறவ நான் இல்ல. “காட்டுங்க”ன்னேன்.

மூலையில கிடந்த, அதே முப்பத்தேழு எழுதின ஒரு பழைய பேனலை வெளிய வெயில்ல போட்டாரு. மீட்டரை மாட்டினாரு. கொதிக்கற வெயிலு. முப்பத்துமூணுன்னு காட்டுச்சு. நான் மீன் கடைக்குப் போய் ஒரு வாளி தூள் ஐஸ் வாங்கிட்டு வந்தேன். “மேல குவிக்காதே, நிழல் விழும். தண்ணியில கரைச்சு ஊத்தி ஊத்தித் தள்ளு”ன்னாரு. ஊத்தினேன், துடைப்பத்தால தள்ளினேன். என் கண்ணு முன்னாடி முப்பத்துநாலு, முப்பத்தாறு, முப்பத்தெட்டுன்னு ஏறி முப்பத்தொன்பதுல போய் நின்னுச்சு. நாலு முப்பத்தொன்பது நூத்தம்பத்தாறு. எனக்கே கணக்கு வந்துடுச்சு. பாவி மனுஷன், இந்தத் தடவையும் சரியாத்தான் சொல்லியிருக்காரு.

“இப்ப என்ன செய்யணும்?”

“ரெண்டு ரெண்டா சீரிஸ் போட்டு, அந்த ரெண்டு ஜோடியையும் பேரலல்ல சேக்கச் சொல்லு. உயரம் பாதியாயிடும். வயரு மட்டும் தடியா வேணும். அவன் இழுத்திருக்கறது நூலு.”

“நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அவ உசிருங்க.”

“நானா? அவன் வாசல்ல போய் நிக்கவா?” உதட்டைப் பிதுக்கினாரு. “நீ சொல்லு. நீதானே சொல்லுவே.”

போனேன். வாளியையும் எடுத்துக்கிட்டே போனேன். தோள் மேல ஏறறது, வாசல் இடிக்கறது எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். வந்து பாருப்பா, உன் கண்ணாலயே பாருன்னு கெஞ்சினேன். அவன் பெட்டியோட முதுகைக் காட்டினான். “நூத்தம்பதுன்னு எழுதியிருக்கா? என்னோடது நூத்தி நாப்பத்தெட்டு. ரெண்டாங் கிளாஸ் கணக்கு. அவன் மீட்டரை அவன் எப்படித் திருகி வெச்சிருக்கானோ யாருக்குத் தெரியும்?”

“தம்பி, உங்க அண்ணன் என்னிக்காவது தப்பாச் சொல்லியிருக்காரா?”

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. அவன் மூஞ்சி கறுத்துப்போச்சு. “அதானே அண்ணி! என்னிக்கும் அவன்தான் சரி. அன்னிக்கு எல்லாரும் பாக்க என் வயரை வெட்டினான். இன்னிக்கு என் கையாலயே என் வயரை வெட்டச் சொல்றானா? செத்தாலும் முடியாது. நாளைக்குக் காலைல கிளம்பறோம், போய்ச் சொல்லுங்க.”

திரும்பி வந்து சொன்னேன். தகரத்து வழியா எல்லாம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தவரு, “போகட்டும், எரிஞ்சாத்தான் புத்தி வரும்”னாரு. எனக்கு ரெண்டு பேரையும் அந்தத் தகரத்தோட சேத்து வெச்சு ஆணி அடிக்கணும் போல இருந்துச்சு. ஒருத்தனுக்கு வாசல்படி தாண்டினா கால் ஒடிஞ்சுடும். இன்னொருத்தனுக்கு நாலு வயரை மாத்தினா மீசை இறங்கிடும். நடுவுல மூச்சு முட்டப்போறது யாருக்கு? இவனுங்களுக்கா? நான் ஊட்டி வளத்த பொண்ணுக்கு. சரிடா, உங்க ரெண்டு பேருகிட்டயும் இனி பேசறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

மறுநாள் காலைல வண்டியைக் கடை முன்னாடி கொண்டாந்து நிறுத்தினான், தெருவே வழியனுப்ப நின்னுச்சு. பாத்திரம் பண்டமெல்லாம் வண்டிக்குள்ள ஏத்தியாச்சு. பயணத்துக்குன்னு பேட்டரியை முட்ட முட்ட ரொப்பி வெச்சிருந்தான். எனக்கு அது வசதியாப்போச்சு. பேட்டரி ரொம்பியிருந்தா பெட்டி கரண்டை இழுக்காது, பேனலோட முழு உயரமும் வாசல்ல அப்படியே நிக்கும்னு முந்தின நாளு அவரு புலம்பினதுலேர்ந்து தெரிஞ்சுக்கிட்டிருந்தேன். முதல்ல தங்கச்சியைக் கையைப் பிடிச்சு வண்டியை விட்டு இறக்கினேன். “தையல்காரம்மாகிட்ட சொல்லிட்டு வா, போ”ன்னு எதிர்வீட்டுக்கு அனுப்பினேன். மூச்சு மெஷினையும் அவ பையிலயே வெச்சுக் குடுத்தேன். அப்புறம் ரப்பர் செருப்பை மாட்டிக்கிட்டு, ஐஸ் கரைச்ச வாளியைத் தூக்கிக்கிட்டு ஏணி மேல ஏறினேன். தூள் ஐஸ் இருந்த பெட்டியை லேத்துப் பட்டறைக்காரரு பின்னாடியே தூக்கிக் குடுத்தாரு, எதுக்குன்னு அவருக்குப் பாவம் தெரியாது.

“என்ன அண்ணி, மேல?”ன்னு கொழுந்தன் கேட்டான்.

“தூசியா இருக்குப்பா. கழுவி விடறேன்.”

நல்லா வெயில் ஏறியிருந்த நேரம். ஒரு பேனல் விடாம ஊத்தினேன். ஊத்தறேன், தள்ளறேன், ஊத்தறேன், தள்ளறேன். கையெல்லாம் மரத்துப்போச்சு. ஒண்ணுமே ஆகல. இந்த மனுஷன் இன்னிக்குன்னு பாத்து தப்பாப் போயிட்டாரான்னு அண்ணாந்து வெயிலைப் பாத்தேன். இத்தனை நாளா நான் வேண்டிக்கிட்டது இப்பவா பலிக்கணும்? மிச்சம் இருந்த ஐஸையும் கரைச்சுக் கவுத்தேன். கீழ, வண்டிக்குள்ள, ‘டப்’புனு ஒரு சத்தம். ஜன்னல் வழியா கருகின நாத்தத்தோட புகை வந்துச்சு.

கொழுந்தன் உள்ள பாஞ்சான். மெயினை அணைச்சுட்டு வெளிய வந்தவன் மூஞ்சியில ரத்தம் இல்ல. என்னைப் பாக்கல. நேரா தகரத்தைப் பாத்துக் கத்தினான். “டேய்! எரிச்சிட்டியேடா! உன் நாக்குல தீயை வெக்க!”

தகரத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து எங்க வீட்டுக்காரரு ஓடி வந்தாரு. “நான் எங்கடா எரிச்சேன் மடையா? ரெண்டு வோல்ட்டு இடம் விட்டுக் கோத்தியே, உன்னையெல்லாம் எவன்டா வயரைத் தொடச் சொன்னது?”

“நீ சொன்ன வாய் முகூர்த்தம்டா அது!”

தையல்காரம்மா தெருவுக்கு ஓடி வந்து, “நான் சொல்லல? கரிநாக்கு!”ன்னு நெஞ்சுல கையை வெச்சா. எனக்கு வந்துச்சே பாருங்க ஆங்காரம். காலி வாளியைத் தூக்கி வண்டிக் கூரை மேல ஓங்கி அடிச்சேன். எல்லாரும் மேல பாத்தாங்க.

“நாக்கும் இல்ல மூக்கும் இல்ல! எரிச்சது நான். ஐஸைக் கொட்டி எரிச்சேன். மலை மேல இருட்டு பிரியறப்போ என் தங்கச்சி தலைமாட்டுல எரிய வேண்டியதை, உங்க எல்லார் கண்ணு முன்னாடி, பட்டப்பகல்ல, அவ வெளிய நிக்கறப்போ எரிச்சேன். இது குளிர்ல எரியும்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது? இப்ப எரிஞ்சுதா?”

கொழுந்தன் என்னை அப்படி ஒரு பார்வை பாத்தான். “நீங்க எனக்கு அண்ணியே இல்ல. இந்த ஜென்மத்துல இனிமே எங்கிட்ட பேசாதீங்க.”

“பேசாதே போ. உன் பேச்சை வெச்சு நான் என்ன செய்யப்போறேன்? எனக்கு அவ மூச்சு விட்டாப் போதும்.”

இதுல எங்க வீட்டுக்காரரு ஏதாவது பாராட்டிப் பேசுவாருன்னு நினைச்சா என்னைவிட முட்டாள் யாரும் இல்ல. ஏணிக்குக் கீழ வந்து நின்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. “அறிவிருக்காடி? பேனல் வயரைக் கழட்டிட்டு மீட்டர்ல காட்டியிருந்தா நம்பர் தெரிஞ்சிருக்கும். பெட்டியும் பொழைச்சிருக்கும்.” அதுவும் சரிதான். எப்பவும் போல சரிதான். “காட்டியிருக்கலாம்! உங்க மீட்டரைப் பாத்தாலே அவன் கண்ணை மூடிக்குவானே, யாருக்குக் காட்டறது?”ன்னு நானும் கத்தினேன். இதெல்லாத்தையும் எதிர்வீட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த தங்கச்சி தெருவைத் தாண்டி வந்தா. என் கை ரெண்டும் ஐஸ் தண்ணியில செவந்து கிடக்கறதைப் பாத்தா. நான் இறங்கினதும் தன் முந்தானையால அதைத் துடைச்சு விட்டா.

பயணம் நின்னுபோச்சு. வேற பெட்டி வந்துச்சு. வந்து அப்படியே கிடந்துச்சு. ஏன்னா கொழுந்தன் எங்கிட்ட பேச மாட்டான், நான் தகரத்தைச் சுத்திப் போக மாட்டேன். வயரு அறுந்துபோச்சு, இனி யாரு வழியாப் பேசுவானுங்க? இவரு ஓட்டையில கண்ணை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவன் பெட்டியை முன்னாடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நான் சமையல் கட்டுல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். கடைசியில அந்தப் பக்கம் வயரை உரிக்கற சத்தம் கேட்டதும் இவருக்குத் தாங்கல. தகரத்தைப் பாத்து, “ரெண்டு ரெண்டாக் கோடா”ன்னாரு.

உரிக்கற சத்தம் நின்னுச்சு. அப்புறம், “தெரியும்டா”ன்னு வந்துச்சு.

“என்னத்தைத் தெரியும்? அந்த நூலை எடுத்துத் தூரப் போடு. தடி வயரா இழு.”

“எவ்வளவு தடி?”

“உன் தோல் அளவுக்குத் தடி.”

அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் தகரத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு வயரு தடிமனைப் பத்தி, ஃபியூஸைப் பத்தி, அந்தப் பல் டாக்டரு கிளினிக்கைப் பத்தி வாய்க்கு வந்தபடி ஏசிக்கிட்டானுங்க. ஒரு திட்டையும் யாரும் வடிகட்டல. நான் காது குளிரக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அவங்க மலைக்குப் போய்ச் சேந்து மழைக்காலமும் முடிஞ்சுபோச்சு. தங்கச்சி தினமும் எங்கிட்ட பேசுவா. கொழுந்தன் பேச மாட்டான். அவன் அண்ணனுக்குத்தான் போன் பண்ணுவான், பண்ணினா சண்டைதான். எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா அவரு வழியாத்தான் சொல்லி அனுப்புவான், அவருக்கு வடிகட்டவும் தெரியாது. “அந்த ஐஸ்காரி உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவ கட்டிக் குடுத்த இட்லிப் பொடி தீந்துபோச்சாம்”னு அவன் சொன்னா, அப்படியே வந்து ஒப்பிப்பாரு. தையல்காரம்மாவும் மாறல. அவரு சொன்னாரு, பொண்டாட்டி எரிச்சா, எப்படிப் பாத்தாலும் நாக்கு நாக்குதான்னு புதுசா ஒரு கதை கட்டிட்டா. அவ மெஷின் மோட்டரு இன்னும் எத்தனை நாளைக்குன்னு இவருகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். சமயம் வரட்டும், சொல்றேன்.

போன வாரம் ஒரு நாள் விடிஞ்சும் விடியாததுமா அவரு போனு அடிச்சுது. அந்த நேரத்துல மலையிலேர்ந்து போன் வந்தா வேற என்னத்தை நினைக்கறது? அவரு எடுத்துக் கேட்டாரு. “ம்”னாரு. “ம்ஹும்”னாரு. எனக்கு உசிரே போயிடுச்சு.

“என்னங்க, சொல்லித் தொலைங்களேன்!”

“உங்கிட்ட சொல்லச் சொல்றான். அங்க இன்னிக்குத் தண்ணித் தொட்டி மேல ஐஸ் கட்டியிருக்காம். வெயிலு வந்துடுச்சாம். பெட்டி எரியலயாம்.”

“அவ?”

அவரு போன்ல கேக்கல. அந்தப் பக்கமும் என் குரல் கேட்டிருக்கும் போல. இவரு போனை எங்கிட்ட நீட்டினாரு. வாங்கிக் காதுல வெச்சேன். கொழுந்தன் குரல் இல்ல. போனை எங்கயோ கொண்டுபோய் வெக்கற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மெஷினு ஓடற சத்தம், அதோட சேந்து என் தங்கச்சி தூக்கத்துல மூச்சு விடற சத்தம். இழுக்கறா, விடறா. இழுக்கறா, விடறா. ஒரு இடத்துலயும் நிக்கல.

நான் ஒண்ணும் பேசல. அவனும் ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சு அவனே வெச்சுட்டான்.